நுணாவளைப் பிரசங்க பீடத்தின் அறுபத்து மூன்று படிகள்

நுணாவளைத் தேவாலயத்தின் பிரசங்க பீடம் 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், பிரசங்கத்துக்கும் காணிக்கைப் பாட்டுக்கும் இடையில் வளரத் தொடங்கியது. முதல் நாள் வளர்ச்சி ஒரு விரற்கடை. அமெரிக்க மிஷனரிமார் காலத்தில் முதிரை மரத்தில் செய்து, சுற்றிவரத் திராட்சைக் கொடி செதுக்கி, மூன்று படியோடு நிறுத்திய பீடம் அது. நூற்றிருபது வருடமாக எந்த வம்புக்கும் போனதில்லை. 1951இல் ஓர் உபதேசியாரின் வேட்டி அதன் ஆணியொன்றில் மாட்டிக்கொண்டதைத் தவிர அதன்மேல் ஒரு முறைப்பாடும் கிடையாது.

அன்று பீடத்தில் நின்றவர் வணக்கத்துக்குரிய யோசுவா அன்புராஜா. வயது நாற்பத்தேழு. அவர் குரலெடுத்துப் பிரசங்கித்தால் அயல் தோட்டத்து மாடுகள் மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கும் என்று ஊரில் சொல்வார்கள்; போதகர் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். யாராவது அழுதால் அவரால் தாங்க முடியாது. தாங்க முடியாதபடியால் உடனே ஒரு வாக்குறுதியைக் கொடுத்து அந்த அழுகையை நிறுத்திவிடுவார். அன்றும் அதைத்தான் செய்தார். கோயிலைக் கூட்டி, மணியடித்து, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுகிற நவமணி என்ற விதவை முன் வரிசை வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் சீவரத்தினம், வயது இருபத்துநான்கு, கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவன். ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளை ஏற்றிவந்த கப்பல்களைப் பார்க்க நவமணி காங்கேசன்துறைக்கு மூன்று தரம் போய்வந்தார். மூன்று தரமும் மற்றவர்களின் பிள்ளைகள்தான் இறங்கினார்கள். போதகர் எழுதிக்கொண்டு வந்த பிரசங்கத்தை மடித்து வைத்தார். வலது கையை உயர்த்தினார். "நவமணி, கலங்காதேயும். வாற நத்தாருக்கு முன்னம் உம்முடைய மகன் இந்த வாசலாலை நடந்து வருவான். தேவன் எனக்குக் காட்டின காரியம் இது" என்றார். தேவன் அவருக்கு அப்படி ஒன்றையும் காட்டியிருக்கவில்லை. பீடம் ஒரு முறை முனகியது. போதகரின் தலை ஒரு விரற்கடை மேலே போயிற்று. நவமணி அழுகையை நிறுத்தினார். சபை ஆமென் சொன்னது.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் வந்தது, சீவரத்தினம் வரவில்லை. ஆசீர்வாதம் முடிந்து போதகர் பீடத்தைவிட்டு இறங்கப்போன நேரத்தில் நவமணி முன் வாங்கில் எழுந்து நின்று, "ஐயா, அப்ப அடுத்த நத்தாருக்கோ?" என்று கேட்டார். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. பருத்தித்துறை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். "ஓமோம், அடுத்த நத்தாருக்குத் தப்பாது" என்றார் போதகர். இரண்டு விரற்கடை. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் நவமணி கேட்டார். ஞாயிறு தவறாமல் போதகர் பதில் சொன்னார். காணாமற்போனவர்களின் தாய்மார் வேறு பலரும் வர, கடற்கரைக்குப் போகத் தடை வர, பள்ளிக்கூடங்கள் மூடித் திறக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்குறுதி வேண்டியிருந்தது. பீடத்தின் அடித்தண்டு பனை வடலி வளர்வதுபோல அவசரமில்லாமல் வளர்ந்தது.

போதகர் ஏணி வைத்து ஏறவேண்டிய கட்டம் வந்தபோதுதான் சபைக் கமிற்றி கூடியது. செயலாளர் நேசையா இளைப்பாறிய தபாலதிபர். பழைய பழக்கத்தில் கூட்டக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி முத்திரை குத்துகிறவர். மரம் ஏன் வளருகிறது என்று விசாரிக்க வேண்டாமா என ஓர் உறுப்பினர் கேட்டார். அது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்று நேசையா சொன்னார். பிறகு தீர்மானம் நிறைவேறியது: 'கர்த்தர் எமது போதகரை உயர்த்தி வருவதை இச்சபை நன்றியுடன் பதிவுசெய்கிறது. உயர்வுக்கு ஏற்ற படிகளை அமைக்க உபகுழு ஒன்றை நியமிக்கிறது.' அயலூர்ச் சபை முந்திய வருடம்தான் புதிய மணிக்கூண்டு ஒன்று கட்டி முடித்திருந்தது. அந்த எண்ணம் யாருடைய மனதிலும் இருக்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் தனிப் பந்தியாக எழுதப்பட்டது.

படிகள் உண்மையில் பெரிய உதவியாக வந்தன. செத்தவர்களின் ஞாபகார்த்தமாகக் கோயிலுக்கு ஏதாவது கொடுத்து அதில் பெயரைப் பொறிப்பது நுணாவளை வழக்கம். வாங்குகள், யன்னல்கள், மின்விசிறிகள், ஞானஸ்நானத் தொட்டி, குடை வைக்கும் கூடை என்று எல்லாவற்றிலும் பெயர் ஏறிவிட்டது. 1979க்குப் பிறகு செத்தவர்களுக்கு இடமே இருக்கவில்லை. இப்போது வாக்குறுதிகள் சேரச் சேரப் புதுப் படிகள் தேவைப்பட்டன. இளைப்பாறிய தலைமையாசிரியை செல்வநாயகி ரீச்சர் ஏழாம் படியைத் தன் தகப்பனாருக்கு எடுத்துக்கொண்டார். ஏழு வேதாகமத்துக்குரிய எண் என்றார். கீழ்ப்படியில் பெயர் இருந்தால் எல்லோரும் வாசிக்கலாம், மேற்படியில் இருந்தால் பரலோகத்துக்குக் கிட்ட என்ற விவாதம் மூண்டு, இரண்டு குடும்பங்கள் இன்றுவரை கதைபேச்சில்லாமல் இருக்கின்றன. 1985இல் படிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒன்று வாசலில் ஒட்டப்பட்டது. பட்டியலில் இருந்தவர்கள் பிரசங்கத்தை மிகுந்த பக்தியோடு கேட்டார்கள், கண் மட்டும் பீடத்தின் அடியில் இருந்தது.

படி செய்தவர் தச்சர் மார்க்கண்டு. அவர் சைவம், பிள்ளையார் கோயில் தேருக்குச் சில்லுப் பூட்டிய கை. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் மடக்கு அளவுகோலால் பீடத்தை அளந்து, ஞாயிறு காலைகளில் வெளியே பூவரசின் கீழ் குந்தியிருந்து பிரசங்கத்தையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை யாரும் கேளாமலே செய்துவந்தார். வேதம் வாசித்தால் பீடம் வளரவில்லை. பாட்டுக்கு வளரவில்லை. பாவத்தைப் பற்றி எவ்வளவு உரத்துப் பேசினாலும் வளரவில்லை. 'எல்லாம் சரிவரும்' என்றால் வளர்ந்தது. 'எனக்கு நல்லாத் தெரியும்' என்று சேர்த்துச் சொன்னால் இரட்டிப்பாக வளர்ந்தது. அவர் நேசையாவிடம் போய்ச் சொன்னார்.

"போஸ்ற் மாஸ்ரர், உது மரத்தின்ரை வளர்த்தி இல்லை. ஐயா தான் நம்பாத ஒண்டைச் சொல்லேக்கைதான் உது எழும்புது."

"மார்க்கண்டு, நீர் சைவக்காரன். எங்கடை விசயம் உமக்கு விளங்காது."

"ஓம், விளங்காதுதான். அப்ப வாற கிழமைக்கு எத்தினை படி அறுக்க?"

"நாலு அறும். நத்தார் வருகுதெல்லோ."

1987 ஆடி முடிவில் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதப்பட்டு, சமாதானப் படை வந்து இறங்கியது. ஆகஸ்ட் இரண்டாம் திகதி போதகர் பதின்மூன்று படிக்கு மேலே நின்று, யுத்தம் முடிந்தது, இனிப் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். பேசும்போதே கண்ணீர் விட்டார். பீடம் ஒரு மயிரளவும் அசையவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்த குடும்பங்கள் மனமுடைந்து போயின. மார்க்கண்டு நம்பமாட்டாமல் இரண்டு தரம் அளந்தார். பிறகு போதகரின் மனைவி தேவமலரைத் தேடிப்போய், "அம்மா, ஐயா இண்டைக்கு மெய்யா நம்பித்தான் சொன்னவர்" என்றார். "அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு" என்றார் தேவமலர். போதகர் நம்பியது பிழைத்துப்போனது. ஆனாலும் நம்பியது நம்பியதுதான். அந்த விசயத்தில் பீடம் நியாயமாக நடந்துகொண்டது. ஒக்டோபரில் மறுபடி ஷெல் விழத் தொடங்கிய பிறகு அதே பிரசங்கத்தை அவர் இன்னொரு தரம் செய்தார். அன்று ஒரே மூச்சில் மூன்று படி.

பீடத்துக்கு இறங்கவும் தெரியும் என்பது 1989 மாசியில் வெளிப்பட்டது. பேச்சின் நடுவே போதகர் நின்று, "என்ன சொல்ல வந்தனான் எண்டு மறந்துபோச்சு" என்று தலையைச் சொறிந்தார். பீடம் இரண்டு விரற்கடை இறங்கியது. அப்போது அவருடைய முகத்தில், நாள் முழுக்கக் கடித்த சப்பாத்தைக் கழற்றியவரின் சுகம் தெரிந்ததாக முன் வாங்கில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். கமிற்றி அவசரமாகக் கூடியது. படி கொடுத்தவர்களின் மனம் புண்படாதிருக்க, போதகர் இனிமேல் பிரசங்கத்தை முழுமையாக எழுதி வாசிக்கவேண்டும் என்றும், பீடத்தில் இருக்கும்போது மறதி, முழங்கால் நோ, சந்தேகம் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பிடலாகாது என்றும் கேட்டுக்கொண்டது. போதகர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். யோசித்த அந்த ஒரு நிமிடத்தை நேசையா குறிப்பில் எழுதவில்லை.

1990 ஆனியில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. தடையில்லாமல் நுணாவளைக்குள் வந்துகொண்டிருந்தது போதகரின் நம்பிக்கை வார்த்தை ஒன்றுதான். அந்த வருடம் அவருடைய தலை முகட்டைத் தொட்டது. ஓடுகளைக் கழற்றி வழிவிட்டார்கள். மாரியில் அந்த ஓட்டையால் மழை உள்ளே விழுந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது கமிற்றி வாங்கில் மட்டும் விழுந்தது. அவர்கள் குடைபிடித்துக்கொண்டு பிரசங்கம் கேட்டார்கள். கூரைக்கு மேலே நின்று பேசியது கீழே கேட்காதபடியால், ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ஒரு பழைய ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்தார்கள். மிதிப்பதற்குப் பாடகர் குழுவில் பலமான தொடைக்காரரான சூசைதாசனைப் பிடித்தார்கள். சூசைதாசன் களைத்தால் போதகரின் குரல் கிழவனின் குரலாகி, பிறகு காதோரத்து நுளம்பின் ரீங்காரமாகி ஓய்ந்துவிடும். பிரசங்கத்தின் நீளத்தை அதன்பிறகு பரிசுத்த ஆவியோடு சூசைதாசனின் தொடைகளும் சேர்ந்து தீர்மானித்தன. "வேதம் வாசிக்கேக்கை காத்துப்போலை மிதிக்கலாம். ஐயா வாக்குக் குடுக்கத் தொடங்கினாப் பெடல் இறுகுது" என்று அவர் முறைப்பட்டார். செயினுக்கு எண்ணெய் விடும்படி கமிற்றி சொன்னது. எண்ணெயும் அப்போது தடைப்பட்ட பொருள்.

பீடத்தால் ஊருக்கு ஒரு நன்மையும் இருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பலாலி விமானத் தளத்துப் பக்கத்து வானம் முழுவதும் தெரிந்தது. குண்டு விமானம் கிளம்பினால் முதலில் காண்கிறவர் போதகர். "பொம்மர் வருது, ஓடுங்கோ!" என்று அவர் கத்தினால் ஒலிபெருக்கி இல்லாமலே நுணாவளை முழுக்கக் கேட்டது. சனம் பங்கருக்குள் பாய்ந்துவிடும். அவருடைய பிரசங்கங்களில் ஊர் முழுவதும் உடனடியாகக் கீழ்ப்படிந்தது அது ஒன்றுக்குத்தான். அதற்குப் பீடம் வளரவும் இல்லை. அவர் மட்டும் இறங்க நேரமில்லாமல் மேலேயே குந்திக்கொள்வார்.

1993இல் போதகருக்கு வயது ஐம்பத்தேழு, படி ஐம்பத்தொன்று. ஏறுவதற்கு அரைமணித்தியாலம் சென்றது. முதலில் சனிக்கிழமை ஏறித் திங்கட்கிழமை இறங்கினார். பிறகு ஒரு சாக்குக் கட்டிலையும் தறப்பாளையும் மேலே எடுப்பித்துக்கொண்டு இறங்காமலே விட்டார். முழங்கால் நோ என்று கமிற்றிக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையான காரணம், கீழே வந்தால் நவமணியின் கண்ணைப் பார்க்கவேண்டும். ஒரு தாயின் கண் தெரியாத அளவுக்கு அந்த உயரம் போதுமாக இருந்தது. நவமணி அப்போதும் ஞாயிறு தவறாமல் நிமிர்ந்து பார்த்து, கையைக் குவித்து, "ஐயா, இந்த நத்தாருக்கோ?" என்று கேட்டார். மேலேயிருந்து "ஓம்" என்று ஒரு சொல் விழும். ஒரு விரற்கடை எழும்.

தேவமலர் கிணற்றுக் கப்பியைக் கழற்றி முகட்டில் பூட்டி, வாளியில் சாப்பாடு ஏற்றினார். கர்த்தர் ஐயாவை எவ்வளவு உயர்த்திவிட்டார் என்று செல்வநாயகி ரீச்சர் ஒருநாள் நெகிழ்ந்தபோது, "கர்த்தர் அவரைத்தான் உயர்த்தினவர். அவரின்ரை சோத்தை நான்தான் உயர்த்திறன்" என்று கையைத் தடவிக்கொண்டு சொன்னார். சோற்றுக் கோப்பைக்குக் கீழே சில நாட்களில் துண்டுக் கடதாசியும் போகும். 'இறங்கி வந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கோ. ஊருக்கு அது எப்போதோ தெரியும்' என்று ஒரு துண்டில் எழுதினார். போதகர் அதன் பின்பக்கத்தில், 'தலைவன் அப்படிச் சொன்னால் மந்தை சிதறிப்போகும்' என்று எழுதி அனுப்பினார். அடுத்த நேரச் சாப்பாட்டோடு பதில் ஏறியது: 'மந்தை கீழே நல்லபடியாகத்தான் நிற்கிறது. மேய்ப்பன்தான் மரத்தில்.'

1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி, ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று, இராணுவம் முன்னேறி வருவதால் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு வெளியேறவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. நுணாவளை மறுநாள் காலையில் புறப்பட்டது. சபை நாட்காட்டியில் அது திருச்சபைச் சீர்திருத்த நாள், ஒருவரும் கவனிக்கவில்லை. நேசையா கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் பன்னிரண்டையும் முத்திரையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கமிற்றியின் சார்பில் எல்லோருக்கும் முதல் வெளிக்கிட்டார். மிச்சச் சபையார் மூட்டை முடிச்சோடு கோயிலில் ஒதுங்கி ஒரு ஜெபத்துக்காக நிமிர்ந்து பார்த்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சூசைதாசன் கடைசித் தடவையாகச் சைக்கிளில் ஏறி மிதித்தார். மேலேயிருந்து போதகர் பெருந்தெருவைப் பார்த்தார். தெரு தெரியவில்லை, தலைகளும் குடைகளும் சைக்கிள்களும்தான் தெரிந்தன. அவை நகரவும் இல்லை. "பயப்படாதேயுங்கோ. மூண்டே மூண்டு நாளிலை எல்லாரும் வீடு திரும்புவம். எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். பீடம் அதுவரை இல்லாத வேகத்தில் எழும்பிக் குலுங்கியது. அறுபத்து மூன்று படி. சனம் ஆமென் சொல்லிவிட்டு, மூன்று நாளுக்கு வேண்டியதை விடக் கூடுதலாகக் கட்டியிருந்த மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. சூசைதாசன் வயரைக் கழற்றிவிட்டு, மிதித்துப் பழகிய சைக்கிளில் தன் தாயை ஏற்றிக்கொண்டு போனார்.

கோயிலில் மூன்று பேர் மிஞ்சினார்கள். தேவமலர் ஒரு சூட்கேசோடு நின்றார். குடும்பத்தை முன்னுக்கு அனுப்பிவிட்ட மார்க்கண்டு தச்சு ஆயுதப் பெட்டியை எடுக்க வந்திருந்தார். நவமணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஷெல் சத்தம் அளவெட்டிப் பக்கமிருந்து கிட்டக் கிட்ட வந்தது.

"நவமணி, வெளிக்கிடும்" என்றார் தேவமலர்.

"நான் வரேல்லையம்மா. நீங்கள் போங்கோ."

ஊர் வெறுமையாகிவிட்டதால் டைனமோ இல்லாமலே அது மேலே கேட்டது. "நவமணி! ஏன் நிக்கிறீர்?" என்று போதகர் கத்தினார்.

"வாசல்லை ஆராவது நிக்கவேணுமெல்லோ, ஐயா."

வாசல். இந்த வாசலாலை நடந்து வருவான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தான் சொன்ன சொல் ஒரு கயிறாகி அந்த மனுசியை வாசல் நிலையோடு கட்டிவைத்திருப்பதைப் போதகர் மேலேயிருந்து கண்டார். இன்னும் ஒரு மணித்தியாலம் அவர் அங்கே நின்றால் செத்துப்போவார் என்பதும் தெரிந்தது. வேறு வாக்குறுதி ஒன்று கொடுத்து அவரைக் கிளப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தார், பழக்கம் அப்படி. வாயைத் திறந்தபோது வேறு சொல் வந்தது.

"நவமணி, எனக்குத் தெரியாது."

பீடம் ஒரு படி இறங்கியது.

"உம்முடைய மகன் வருவானோ மாட்டானோ எனக்குத் தெரியாது. அண்டைக்கும் தெரியாது. தேவன் எனக்கு ஒண்டும் காட்டேல்லை. நீர் அழுதது பாக்கேலாமல் சொன்னனான்."

ஐந்து படி. அதற்குமேல் அவர் நிறுத்தவில்லை. மூன்று நாளில் திரும்புவோம் என்றது தெரியாமல் சொன்னது. எண்பத்தேழு ஒக்டோபரில் சொன்னது தெரியாமல் சொன்னது. காணாமற்போன மற்றப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களைப் பற்றியும் தெரியாது என்றார். முழங்கால் நோகுது என்றார். மாடுகள் நின்று கேட்டதைத் தான் ஒருநாளும் கண்டதில்லை என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு. உங்கள் எல்லாரையும் விட எனக்குத்தான் கூடப் பயம்" என்று அவர் சொன்னபோது பீடம் பதினொரு படி ஒன்றாக இறங்கி, தேவமலர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அடித்தண்டு நிலத்துக்குள் போகப் போக, படிகளும் பெயர்களோடு ஒவ்வொன்றாக உள்ளே போயின. செல்வநாயகி ரீச்சரின் தகப்பனார் தொடக்கத்திலேயே போய்விட்டார். ஏழு என்ற எண் அவருக்கு உதவவில்லை. இறக்கம் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. போதகரின் ஊழியத்திலேயே மிக நீளமான பிரசங்கம் அது. மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் சைவம்.

கடைசியில் ஒரு முழ உயரமான பெட்டி ஒன்று மிஞ்சி, நிலத்திலிருந்து கழன்று ஒரு பக்கம் ஆடியது. திராட்சைக் கொடியில் பாதி அதில் இருந்தது. போதகர் அதிலிருந்து இறங்கி, இரண்டு வருடத்துக்குப் பிறகு தரையில் கால் வைத்தார். நவமணியின் தலைமயிர் முழுவதும் நரைத்திருப்பதை அப்போதுதான் கண்டார்.

"இனி உம்மை இந்த வாசல்லை பிடிச்சு வைக்க என்ரை சொல் ஒண்டும் இல்லை. வாரும், போவம்."

"ஐயா, உங்களுக்குத் தெரியாதெண்டது எனக்கு எண்பத்து மூண்டாம் ஆண்டு நத்தாரிலையே தெரியும்."

"அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை கேட்டனீர்?"

"நீங்கள் இறங்க ஒரு சாட்டு வேணுமெல்லோ."

போதகர் அந்த ஆடும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இண்டைக்கு ஏன் போகேல்லை?" என்றார்.

"உங்களை மேலை விட்டிட்டு எப்பிடிப் போறது? அம்மாவாலை தனியக் கப்பி இழுக்கேலாது."

மார்க்கண்டு இருமினார். தேவமலர் இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தார். நவமணி அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்து, கோயில் கதவில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'சீவரத்தினம், நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் போறம். சாப்பிட்டிட்டு வா. அம்மா.' போதகர் கீழே ஒரு வேத வசனம் எழுத விரும்பினார். கரி முடிந்துவிட்டது.

பெட்டியை மார்க்கண்டு தன் சைக்கிள் கரியரில் கட்டினார். நல்ல முதிரை, விட்டிட்டுப் போக மனமில்லை என்று, கேட்காதவர்களுக்கும் காரணம் சொன்னார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு பகல் முழுவதும் போனது. சனம் நின்றது, நகர்ந்தது, நின்றது. நின்ற இடங்களிலெல்லாம் போதகர் பெட்டியை அவிழ்த்து, இயலாதவர்களை முறைவைத்து அதில் இருத்தினார். அங்கியைக் கழற்றி ஒரு கைப்பிள்ளைக்காரிக்குப் போர்த்தக் கொடுத்தார். "ஐயா, எப்ப திரும்புவம்?" என்று வழியில் யாரோ கேட்டார்கள். வாய் பழக்கத்தில் திறந்தது, போதகர் அதை மூடி, மறுபடி திறந்து, "தெரியாது. ஆனா நான் உங்களோடைதான் வாறன்" என்றார். கேட்டவர் அதில் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் தன் சாக்கு மூட்டையின் ஒரு நுனியை அவரிடம் பிடிக்கக் கொடுத்தார்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பேரோடு அவர்களும் தங்கினார்கள். முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்த பெட்டிதான் அங்கே எல்லாக் கூட்டங்களுக்கும் மேடை. நிவாரணத்துக்குப் பொறுப்பான ஒருவர் அதில் ஏறி, ஒரு கிழமைக்குள் எல்லாக் குடும்பத்துக்கும் கூடாரம் வரும் என்றார். நான்கு விரற்கடை எழும்பி அவருடைய தலை கொப்பில் முட்டியது. நேசையா ஏறி, கமிற்றி எந்த வேளையிலும் சபையாரைப் பிரிந்ததில்லை என்று வாசித்தார். கால் நிலத்திலிருந்து விலகுவதைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கி, அந்த வரியை வெட்டி, வெட்டின இடத்தில் முத்திரை குத்தினார். ஆட்கள் இறங்கியதும் பெட்டி தன்பாட்டில் ஒரு முழத்துக்கு வந்துவிடும். சனத்துக்கு அது பழகிப்போனது. யாராவது பேசி முடிந்தால், என்ன சொன்னார் என்று கேட்பதற்கு முன், "எத்தினை விரல்?" என்று கேட்டார்கள். போதகர் அதில் ஏறுவதில்லை. கஞ்சி வரிசைக்குப் பக்கத்தில் அதைப் போட்டு இருந்து வெங்காயம் உரித்தார். ஞாயிறுகளில் நிலத்தில் நின்று பத்து நிமிடம் பேசினார். முன்பை விடக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் காரணமாக இருக்கலாம்.

அந்த வருட நத்தார் காலையில், நிவாரண மாப் பையின் கடதாசியிலும் ஈர்க்கிலும் செய்த நட்சத்திரம் ஒன்றைக் கட்டுவதற்காக நவமணி பெட்டியில் ஏறினார். கொப்பு எட்டவேண்டும், அவ்வளவுதான். தேவமலர் கீழே பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பலகாரம் ஆளுக்கு ஒன்றரைத் துண்டு என்று பங்கிட்டிருந்தார்கள்.

"நவமணி, சீவரத்தினத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கட்டோ?" என்று தேவமலர் கேட்டார்.

நவமணி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். "எடுத்து வையுங்கோ. அவன் வருவான்" என்றார்.

வரிசையில் நின்ற சனம் பேச்சை நிறுத்தி அவருடைய காலடியைப் பார்த்தது. போதகர் கையில் வெங்காயத்தோடு எழுந்து நின்றார். மார்க்கண்டு மடக்கு அளவுகோலை விரித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, ஒரு பக்கம் அளந்தார். சுற்றிப்போய் மற்றப் பக்கமும் அளந்தார். ஒரு முழம். ஒரு மயிரும் கூடவில்லை, குறையவும் இல்லை. அவர் நிமிர்ந்து போதகரைப் பார்த்தார். அளவுகோலை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நட்சத்திரம் உந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு, நவமணி" என்றார் போதகர்.

நவமணி எக்கி அதை நிமிர்த்தினார். தேவமலர் ஒன்றரைத் துண்டை எடுத்து, ஈ மொய்க்காமல் ஒரு கோப்பையால் மூடி வைத்தார். பிறகு வரிசை நகர்ந்தது.